கரைக்காரர் வீட்டுக் கரை

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை கோரையேந்தலில் யாரும் ஓடைப் பக்கம் மாடு ஓட்ட மாட்டார்கள். அன்றுதான் கரை பார்ப்பது. எங்கள் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேடியப்பன் ஓடையை, அது ஏரியில் விழும் இடத்திலிருந்து மலையைப் பார்த்து எதிர்த்து நடந்து, இரண்டு கரையிலும் செடிகொடி குலையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவோம். முன்னால் நடப்பது எங்கள் வீட்டு ஆண்மகன். அதனால்தான் எங்களுக்குக் கரைக்காரர் வீடு என்று பெயர். ராஜமாணிக்கம் என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊரில் பாதிப் பேர் யார் என்று யோசிப்பார்கள். கரைக்காரர் என்றால் குழந்தைகூட கை காட்டும்.

கட்டுப்பாடு எளிமையானது. தண்ணீர் ஓரத்திலிருந்து ஒரு ஜோடி ஏர்மாடு திரும்பும் அகலத்துக்கு, யாருடைய பட்டா நிலமானாலும், கலப்பையும் படக்கூடாது, கத்தியும் படக்கூடாது. அங்கே நொச்சியும் தாழையும் நாணலும் தம் போக்கில் வளரும். பாம்பு இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். மலையிலிருந்து வெறிகொண்டு இறங்கும் வெள்ளத்தை அந்தப் புதர்தான் மடக்கி நடக்க வைக்கிறது. மண்ணைத் தன் காலடியில் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் ஏரிக்கு விடுகிறது. யாராவது வெட்டிவிட்டால் வெட்டிய இடத்தில் அவர்களே மறுபடி நட வேண்டும். ஒடித்து நட்ட போத்துக் கிளை துளிர்த்து வேர் பிடிக்கும் வரை அந்த வீட்டு வாசற்படியை ஊரில் ஒருவரும் மிதிக்கக்கூடாது. நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. அபராதம் கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை.

ஒரு வருடம் கீழத்தெரு சந்திரம்மாள் ஆட்டுக்கொட்டகைக்காக ஓடையோரத்து நொச்சியை வெட்டிவிட்டாள். புருஷனை இழந்தவள், தெரியாமல் செய்துவிட்டாள் என்று சிலர் சொன்னார்கள். தெரிந்துதான் செய்தாள். நான் கட்டுப்பாடு சொன்னேன். அந்தச் சமயம் பார்த்து அவள் பேத்திக்குக் காது குத்து வந்தது. பந்தல் போட்டு, இலை போட்டு, வாசலில் நின்றாள். தெருவே எதிரில் நின்று பார்த்தது. யாரும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. ஆக்கிய சோற்றை மாட்டுக்கு வைத்தாள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த கரை பார்ப்புக்கு அவளே கீழத்தெருவின் சார்பில் வந்து நின்றாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த விதத்தில் எனக்கு அவள்மேல் மரியாதை உண்டு.

நான் சொல்ல வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து, 2005-ல் நடந்தது. அந்தப் புரட்டாசியில் என் மனம் நிறைந்திருந்தது. என் மகள் அருணாதேவிக்கு இருபத்தெட்டு வயது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஜாதகம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் கீழ்பென்னாத்தூரில் நல்ல இடம் அமைந்திருந்தது. ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எங்கள் வீட்டு விளக்கின் முன்னால்தான் தட்டு மாற்றுவது.

நாங்கள் ஐந்து பேர் நடந்த அன்றைய நடையில் குறை ஒன்றும் தென்படவில்லை. வழக்கம்போல எங்கள் நிலத்தின் எல்லைக்கல்லில் உட்கார்ந்தோம். என் மனைவி உண்ணாமலை கொடுத்தனுப்பிய சுண்டலும் மோரும் அங்கே காத்திருந்தன. நடை அந்தக் கல்லோடு முடிந்துவிடும். அதற்கு மேலே ஓடை எங்கள் நிலத்தை ஒட்டி வளைந்து வருகிறது. கரைக்காரர் கரையை யார் சரிபார்ப்பது? என் அப்பா காலத்திலும் அங்கேதான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். கோடையில் அந்த நிலத்தைப் பிரசாத் பொறுப்பில் விட்டிருந்தேன்; அதன்பின் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவன் என் மகன். திருவண்ணாமலையில் ஆசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான்.

சந்திரம்மாள் சுண்டலை வாங்கவில்லை. ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் மேல போய்ட்டு வரலாமா, கரைக்காரரே?"

என் அக்காள் மகன் பலராமன் சிரித்தான். "அங்க இன்னாம்மா பாக்கப் போற? எங்க மாமா கரைய நீ அளக்கப் போறியா? இந்தா, சுண்டல துன்னு. மொளகா கம்மியாத்தான் போட்டிருக்குது."

"துன்றேங்க. மழையே இல்ல, தண்ணி இன்னாத்துக்கு செவப்பா வருதுன்னு பாத்துட்டு வந்து துன்றேன்."

எல்லோரும் தண்ணீரைப் பார்த்தோம். ஒரு வாரமாகத் தூறல்கூட இல்லை. ஓடை செங்கல் கரைத்ததுபோல் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. மேலே கானாங்கோழிச் சத்தம் இல்லை. பகல் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும் பறவை அது.

நான் எழுந்து கல்லைத் தாண்டி நடந்தேன். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

வளைவுக்கு வந்தபோது வேறு யாருடைய நிலத்திலோ நிற்பதுபோல் இருந்தது. புதர் முழுவதும் போயிருந்தது. வெட்டியிருந்தால்கூட அடிக்கட்டை இருக்கும், மறுபடி தழைக்கும். இது ஜேசிபி வைத்துச் சுரண்டியது. இரும்புப் பல்லின் தடம் கரை நெடுகப் படிந்திருந்தது. தாழையின் வேர்கள் வெள்ளை வெள்ளையாக மண்சுவரிலிருந்து தொங்கின. மேல்மண்ணை வாரிக்கொண்டுபோய் மேட்டில் கொட்டி, சமமாக நிரவி, சுண்ணாம்புக் கோடு போட்டு, நான்கு சிறு வீடுகளுக்குக் கடைக்கால் குறித்திருந்தான் பிரசாத். கீழே, தண்ணீர் வந்து மோதும் இடத்தில், கரையின் அடி குடைந்துபோயிருந்தது. நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு மண்கட்டி சத்தமில்லாமல் கழன்று ஓடைக்குள் இறங்கியது.

அந்த வளைவில்தான் ஓடை இடது பக்கம் திரும்பி ஏரிக்குப் போகிறது. அதைத் திருப்பியது எங்கள் புதர். திரும்பாமல் நேராகப் போனால் அது போகும் இடம் கீழத்தெரு.

பலராமன் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனான். "மாமா, நாம அஞ்சு பேருதான் பாத்தோம். வெள்ளிக்கெழம நிச்சயம் முடியட்டும். அப்புறம் நட்டுக்கலாம். நாங்க யாரும் வாய தொறக்க மாட்டோம். சந்திரம்மா, இன்னா சொல்ற?"

சந்திரம்மாள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நான் இன்னா சொல்றது? எப்பவும் அவருதான சொல்லுவாரு."

"இன்னைக்கும் நான்தான் சொல்லுவேன்," என்றேன்.

ஊருக்குள் வந்ததும் வேடியப்பன் கோயில் எதிரில் நின்று நானே சொன்னேன். கரைக்காரர் வீட்டு நிலத்தில் கரை அழிந்திருக்கிறது. வேர் பிடிக்கும் வரை கரைக்காரர் வீட்டு வாசலை யாரும் மிதிக்கக்கூடாது. பால்காரன் சொம்பைத் தெருவிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். என் பெயர் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். மற்ற வீடுகளுக்கு ஒன்றும் கரைக்காரர் வீட்டுக்கு ஒன்றுமாகக் கட்டுப்பாடு இருந்தால் அந்தப் பெயரே எங்களுக்கு வேண்டாம் என்பதும் தெரியும்.

பிரசாத் மாலையில் திருவண்ணாமலையிலிருந்து வந்தான். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே கத்த ஆரம்பித்தான்.

"எந்தக் காலத்துல இருக்கீங்க நைனா? நான் அழிக்கல, சுத்தம் பண்ணேன். ஒரே முள்ளும் பாம்பும். அங்க வந்து தங்கறவனுக்குத் தண்ணி கண்ணுல படவேணாமா? ஓடைய பாத்த மாதிரி ரூம்னா சீசனுக்கு முன்னாடியே புக் ஆயிடும்."

"யாரைக் கேட்டு செஞ்ச?"

"நம்ம நெலத்துல செய்யறதுக்கு யாரக் கேக்கணும்? ஊருக்கெல்லாம் கரை பாத்தீங்களே, நம்ம கரைய ஒரு நாளாவது பாத்தீங்களா?"

அவனை அடிக்கக் கை ஓங்கினேன். உண்ணாமலை குறுக்கே வந்தாள். "வளந்த புள்ளைங்க," என்றாள். பிறகு, அவனைப் பார்த்து, "காலைல போயி நடுடா. பேசாத," என்றாள்.

அருணா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. "அந்தம்மா வீட்டுக் காது குத்துக்கு எங்க ஸ்கூல் ஆயா கூடப் போவல நைனா. அந்தக் கொழந்த என் கிளாஸ்ல படிக்குது. அதுகிட்ட நான் இன்னா சொன்னேன் தெரியுமா? பெரியவங்க விஷயம்னு சொன்னேன். வெள்ளிக்கெழம போச்சுன்னா எனக்கு இன்னொரு வெள்ளிக்கெழம வராது. உங்க பேரு நிக்கும். நான்?"

"நம்ம பேருலதான் உனக்கு எடம் வந்துது," என்றேன்.

"இந்தப் பேருலதான் போகவும் போகுது," என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே நட்டோம். நொச்சிப் போத்து, தாழங்கன்று, வெட்டிவேர்த் தூர் எல்லாம் மேல்கரைக் காடுகளிலிருந்து கொண்டு வந்தோம். நடும்போதுதான் விஷயம் தெரிந்தது. மண் இல்லை. சுரண்டியது போக மிஞ்சியது வெறும் சரளை. கடப்பாரை இறங்கினால் நெருப்புப் பொறி பறந்தது. குழி தோண்டி, வேறு மண் கொண்டுவந்து போட்டு, ஒவ்வொன்றாக ஊன்றினோம். பிரசாத் முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தான். இரண்டாவது நாள், குடைந்துபோன அடிக்கரையைக் குனிந்து பார்த்தவன் வெகுநேரம் எழவில்லை. அதற்குப் பிறகு நான் சொல்லாமலே வேலை செய்தான்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா முருகையன் மட்டும் வந்தார். நிச்சயம் இப்போது இல்லை என்று ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தேன், ஆனாலும் வந்தார். காலையிலிருந்து வானம் இறங்கி வந்து மலையின் பாதியை மறைத்திருந்தது. குடையை விரித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார். நான் உள்ளே நின்றேன். நடுவில் திறந்த கேட்.

"நான் வெளியூருங்க. உங்க ஊரு கட்டுப்பாடு எனக்கு இல்ல," என்றார்.

"படி எங்க ஊரு படிங்க."

"சரி. வேடியப்பன் கோயில்ல வெச்சுக்கலாமே. நாலு பேரு வந்தாப் போதும். தட்ட மாத்திட்டுப் போயிட்டே இருப்போம். ஊட்ல பொம்பளைங்க இப்பவே சகுனம் சரியில்லன்னு ஆரம்பிச்சிட்டாங்க."

நல்ல மனிதர். அவர் எனக்கு வழிதான் சொன்னார். ஆனால் அந்த வழி குனிந்து போகிற வழி. "எம் பொண்ணுக்கு ஒளிஞ்சி நின்னு தட்டு மாத்த மாட்டேங்க. துளிர் வுட்டதும் நானே வந்து கூப்புடறேன்," என்றேன்.

அவர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "மழ வருது," என்றார். "பாத்துக்குங்க." எதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பஸ் ரோடு வரை திரும்பிப் பார்க்காமல் போனார். மாடி ஜன்னலில் அருணா நின்றிருந்தாள் என்று உண்ணாமலை பிறகு சொன்னாள்.

அன்று பிடித்த மழை விடவில்லை. ரேடியோவில் ஒரு தாழ்வு நிலை கரை கடந்தது என்பார்கள். அடுத்த செய்தியில் இன்னொன்று உருவாகியிருக்கிறது என்பார்கள். நட்டதையெல்லாம் முதல் வெள்ளம் பிடுங்கிக்கொண்டு போனது. மறுபடி நட்டோம். அதையும் கொண்டுபோனது. மணல் மூட்டை அடுக்கி அதற்குப் பின்னால் ஊன்றினோம். ஊரிலிருந்து ஆட்கள் வந்து உதவினார்கள். நிலத்துக்கு வருவதற்குத் தடை இல்லை. ஆனால் வேலை முடிந்து வீட்டுப் பக்கம் வரும்போது, என் வாசலுக்கு எதிரே வந்ததும், எல்லோரும் தெருவின் அந்தப் பக்கமாக ஒதுங்கிப் போனார்கள். எங்கள் வீட்டில் பேச்சுக் குறைந்தது. சாப்பிடும்போது ஓடைச் சத்தம் கேட்டது. முன்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு ஓடைச் சத்தம் கேட்காது.

ஒவ்வொரு காலையும் கரை கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. பிரசாத் குறித்த சுண்ணாம்புக் கோடு முதலில் போனது. பிறகு கிணற்றுமேடு. நான் போய் நின்று பார்ப்பேன். ஓடைக்கு அவசரமே இல்லை. தின்றுகொண்டே இருந்தது.

கார்த்திகை பிறந்த சில நாளில், ஒரு பிற்பகல், விளக்கு ஏற்ற வேண்டிய அளவுக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மலைமேல் கொட்டிய மழையின் சத்தம் லாரி வருவதுபோல் கேட்டது. பிரசாத் கரையில் இருந்தான். கொஞ்ச நேரத்தில் கீழத்தெருவிலிருந்து ஆட்கள் மேலே வர ஆரம்பித்தார்கள். தலையில் மூட்டை, கையில் ஆட்டுக்கயிறு, கோழிக்கூடை. பள்ளிக்கூடத்துக்குள் ஏற்கெனவே தண்ணீர் புகுந்துவிட்டது. கோயில் பத்துப் பேருக்குத்தான் காணும். ஊரில் மேட்டில் இருக்கிற பெரிய மாடி வீடு எங்களுடையது ஒன்றுதான்.

கேட் திறந்திருந்தது. எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. முன்னால் சந்திரம்மாள், இடுப்பில் பேத்தி. குழந்தையின் தலையில் உரச்சாக்கை மழை படாமல் மடித்துக் கொங்காணியாகப் போட்டிருந்தாள்.

"உள்ள வாங்க," என்றேன்.

"வேர் புடிச்சிடுச்சிங்களா?" என்று கேட்டாள். அதில் கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம் எப்டி வர்றது?"

பலராமன் நனைந்துகொண்டே ஓடி வந்தான். "ஏம்மா, உசுரு போற நேரத்துல இன்னா சட்டம் பேசற? போம்மா உள்ள!"

"நான் இன்னா பேசனேன்? இதுக்குக் காது குத்தன அன்னிக்கு, நீயுந்தான் எதுர்ல நின்ன. சேமியா பாயசம் வாசன வருதுன்னு சொன்ன, ஞாபகம் இருக்குதா? ஓர் அடி வெச்சியா நீ?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த மழையில், அந்த நேரத்தில்.

என்னால் உத்தரவு போட்டிருக்க முடியும். கட்டுப்பாடு இன்றைக்குச் செல்லாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரும் உள்ளே வந்திருப்பார்கள். ஆனால் என் வாசலில் செல்லாமல் போகிற கட்டுப்பாடு, அவள் வாசலில் மட்டும் அன்றைக்கு எப்படிச் சென்றது? அந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

உண்ணாமலையையும் அருணாவையும் கூப்பிட்டேன். மூன்று பேரும் வெளியே வந்து தெருவில் நின்றோம். மழை என் சட்டைக்குள் இறங்கியது.

"இந்த வீட்ல இப்ப கரைக்காரர் யாரும் இல்ல," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "கரை பாக்கற உரிமைய எங்க வீடு வுட்டுடுச்சி. இனிமே கீழத்தெரு பாக்கட்டும். சந்திரம்மா, நீ பாரு. கட்டுப்பாடு சொல்றதும் நீதான்."

"மாமா!" என்றான் பலராமன்.

அவள் கும்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குழந்தையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். "நான் சொல்றதுதான் கட்டுப்பாடா?"

"ஆமா."

"அப்ப கேட்டுக்குங்க." ஆட்களின் பக்கம் திரும்பினாள். "புள்ளைங்க, பொம்பளைங்க எல்லாம் உள்ள போங்க. ஆடு மாட்டப் பின்பக்கம் கொட்டாய்ல கட்டுங்க. அரிசி எங்க கீதுன்னு அருணா காட்டும். நீ போம்மா உள்ள, நீ இன்னா தப்பு பண்ண?"

பிறகு என்னைப் பார்த்தாள். குரல் மாறவில்லை. "கட்டுப்பாட்ட நான் எடுக்கலீங்க. எடுத்துட்டா அடுத்த வருசம் ஒருத்தனும் மதிக்க மாட்டான். வேர் புடிக்கற வரைக்கும் நீங்களும் உங்க புள்ளையும் இந்தப் படிய மிதிக்கக்கூடாது. அம்மா போலாம்."

யாரோ "ஐயோ" என்றார்கள். உண்ணாமலை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். அவளை யாரும் வற்புறுத்தவில்லை.

"சரி," என்றேன். நியாயமான தீர்ப்பு. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அருணா குழந்தையைச் சந்திரம்மாளிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். என்னைத் தாண்டிப் போகும்போது அவள் கண் என்மேல் படவில்லை. கீழத்தெரு முழுக்க அவள் பின்னால் போனது. ஈரக் காலடிகள் என் கூடத்தில் பதிந்தன. நான் கதவுக்கு முதுகைக் காட்டி நிமிர்ந்து நின்றேன்.

பிரசாத் ஓடி வந்தான். முழங்காலுக்கு மேல் சேறு. மூச்சு வாங்கியது. "நைனா, வளைவு போயிடுச்சி," என்றான். கேட்டுக்குள் ஓடப் பார்த்தவனைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் என்று கேட்டான். சொன்னேன். அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

தெருவின் கீழ்முனையில் சிவந்த தண்ணீர் தலைகாட்டியது. ஒரு கூரைக் கீற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, வழி விசாரிப்பதுபோல், மெதுவாக மேலே வந்தது. மழை வலுத்தது. வீட்டுக்குள் யாரோ என் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.